பி.வி. 141 மாடல் கிட்: பார்க்கத் தப்பாகத் தெரிந்தால் சரியாக ஒட்டியிருக்கிறீர்கள்

தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்த கை, ரிட்டயர் ஆன பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்த ப்ளாஸ்டிக் விமானங்கள். இது பதினேழாவது. ஜெர்மனியின் ப்ளோம் உண்ட் ஃபோஸ் பி.வி. 141, 72-இல் ஒரு பங்கு அளவு. ஆன்லைனில் 2,340 ரூபாய். கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு மலையேறி வர ஐந்து நாள். பெட்டி மூலை நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

1938-இல் முதலில் பறந்த வேவு விமானம் இது. ஒற்றை எஞ்சின்தான் இருக்க வேண்டும், ஆனால் சுற்றிலும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். எஞ்சின் நடுவில் இருந்தால் மறைக்குமே! ரிச்சர்ட் ஃபோக்ட் என்ற வடிவமைப்பாளர் எஞ்சினையும் வாலையும் இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு, மூன்று பேர் உட்காரும் கண்ணாடிக் கூண்டை வலப்பக்கம் தனியாக வைத்தார். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிவிடாதா? ப்ரொப்பெல்லர் சுற்றும் வேகத்தில் மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஒதுக்கி வைத்த எஞ்சின் வலப்பக்கம் திருப்பும். இரண்டுக்கும் சரியாகப் போய்விடும். பின்னால் வந்த பி வகையில், பின்பக்கம் சுடுபவருக்கு மறைக்கிறது என்று வால் இறக்கையின் வலப்பாதியையும் ஏறக்குறைய எடுத்தேவிட்டார்கள். என் கிட் அந்த வகை.

எனக்குத் தகராறும் அங்கேதான். மற்ற விமானங்களில் இடது சரியா என்று சந்தேகம் வந்தால் வலதைப் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒத்துப் பார்க்க மறுபக்கமே இல்லை. வாலை ஒட்டும் படத்தை மட்டும் அடிப்பக்கத்திலிருந்து வரைந்து தொலைத்திருக்கிறார்கள். அதை மேல்பக்கம் என்று நினைத்து வலப்பக்கம் ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள் பெட்டிப் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆக்ஸா ப்ளேடால் அறுத்து, எமரி போட்டு, மறுபடி ஒட்டினேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அச்சு சுத்தம், பிசிறு குறைவு. இறக்கை சேரும் இடத்தில் மட்டும் நகம் நுழையும் இடைவெளி, பட்டி வைத்துத்தான் ஆக வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்கு சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள். ஓரமாக ஒரு துளி வைத்துப் பார்த்தேன், வெளியே இருக்கிற மிஸ்ட் கூண்டுக்குள் புகுந்த மாதிரி வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. மிச்சத்தை ஃபெவிகாலில் ஒட்டினேன். காய்ந்தால் தடமே தெரியாது. ஜூலை மழையில் பெயின்ட் காய இரண்டு நாள் ஆனது. கடைசியில் கரியடுப்புக்கு இரண்டடி தள்ளி ஸ்டூல் போட்டு வைத்தேன். கிட்டே வைத்தால் உருகிவிடும்.

நிஜ விமானம் முப்பதுகூடத் தயாராகவில்லை. அதற்கு வேண்டிய பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சின் ஃபோக்கெ-வுல்ஃப் 190 சண்டை விமானத்துக்கும் தேவைப்பட்டது. வேவு வேலைக்கு, இரு பக்கமும் ஒழுங்காக இருந்த ஃபோக்கெ-வுல்ஃப் 189 போனது. பாவம், ஓட்டிப் பார்த்தவர்கள் இதையும் நன்றாகத்தான் சொன்னார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் வால் படத்துக்குக் கழித்தது, மீதி இறக்கை இடைவெளிக்கு. முதல் கிட்டாக வாங்க வேண்டாம்.

ஷோகேஸில் வைத்த அன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் குனிந்து பார்த்தான். “சார், இந்த ரூம் தனியா கழண்டு வந்திருக்கு பாருங்க” என்றான். சரிதான் தம்பி என்று சொல்லி அனுப்பினேன். வாலில் இருக்கும் தழும்பை அவன் கவனிக்கவில்லை.