‘டவுன்டைமே வராது’ என்று சொல்லி ஓஎஸ்பிஎஃப்-இல் கை வைக்க வருபவர்களிடம் கவனம்

கிளைகள் நிறைய உள்ள நிறுவனங்களில் நெட்வொர்க் பார்த்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஓஎஸ்பிஎஃப் என்பது எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி (ரூட்) என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

எங்கள் கிளைகளில் இருப்பவை மெமரி குறைந்த பழைய ரவுட்டர்கள். வெளி ரூட்கள் (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வருபவை) எல்லாம் அவற்றில் போய் நிரம்பியதால், கிளைகள் இருக்கும் ஏரியாவை, அதாவது ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் அந்தப் பிரிவை, என்எஸ்எஸ்ஏ ஆக்க முடிவு செய்தோம். மற்ற ஏரியாக்களின் வெளி ரூட்களை உள்ளே விடாமல், உள்ளே இருப்பவர்கள் மட்டும் வெளி ரூட் அனுப்ப விடும் வகை அது. எடைமேடை, கேமரா நெட்வொர்க்குகளுக்கான ஸ்டாட்டிக் (கையால் எழுதிய) ரூட்களைச் சில கிளைகள் ஓஎஸ்பிஎஃப்-க்குள் அனுப்புகின்றன. அதனால் வெளி ரூட்களை அறவே அனுமதிக்காத சாதாரண ஸ்டப் ஏரியா ஒத்துவராது. கூடவே தலைமை அலுவலகத்தின் இரண்டு ரவுட்டர்களிலும் (இவைதான் ஹப்) அவற்றின் லூப்பேக் முகவரியையே (எந்த லிங்க்கையும் சாராத உள்முகவரி) ரவுட்டர் ஐடியாக, அதாவது ஓஎஸ்பிஎஃப்-இல் அந்த ரவுட்டரின் தனி அடையாளமாக, வைக்க நினைத்தோம். வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தோம்.

சீனியர் இன்ஜினியர் வருவார், இது வெறும் கன்ஃபிக் மாற்றம், டவுன்டைம் கிடையாது என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிறு இரவு என்றுதான் பேச்சு. வார நாளில், சரக்கு லாரிகள் கிளம்பும் மாலை நேரத்தில், வேலைக்குப் புதியவரான ஒரு பையன் ரிமோட்டில் நுழைந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரைத் தனியாக அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

டவுன்டைம் கிடையாது என்பது சுத்தப் பொய். ஏரியா எந்த வகை என்பதை ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹலோ பாக்கெட்டில் உள்ள பிட்களே சொல்லும். இரு முனையும் ஒத்துப்போகாவிட்டால் ரூட்களைப் பரிமாறிக்கொள்ளும் நெய்பர் உறவு அறுந்துவிடும். ஸ்டப் ஏரியாவுக்கான இந்த விதி 1998-இல் வந்த ஓஎஸ்பிஎஃப் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2328-இலேயே இருக்கிறது. யார் செய்தாலும் சிறிது நேரம் லிங்க் விழத்தான் செய்யும். எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் திறமை. கடைசியில் இருக்கும் கிளையை முதலில் மாற்றி, ஹப்பைக் கடைசியில் தொட வேண்டும். அவர் ஹப்பை முதலில் மாற்றினார். எல்லாக் கிளைகளும் ஒன்றாக விழுந்தன. இனி கிளைக்குள் போய் மாற்றலாம் என்றால், போவதற்கு ரூட்டே இல்லை.

அப்போதும் போட்ட அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் சற்று நேரத்தில் எல்லாம் திரும்பியிருக்கும். அதை விட்டுவிட்டு ஓஎஸ்பிஎஃப் பிராசஸை கிளியர் செய்தார்கள். சிஸ்கோ ரவுட்டரில் நெய்பர்கள் இருக்கும்போது ரவுட்டர் ஐடியை மாற்றினால் அது உடனே அமலுக்கு வராது. பிராசஸை கிளியர் செய்யும்போதோ ரீலோடு ஆகும்போதோதான் வரும். ஒரே டெம்ப்ளேட்டை இரண்டு ஹப்பிலும் ஒட்டி வைத்திருந்ததால், கிளியர் செய்ததும் இரண்டுக்கும் ஒரே ஐடி. கோர் ஸ்விட்ச்சில் ரூட்கள் வருவதும் போவதுமாக ஆடின. அதுவரை ஒழுங்காக இருந்த பேக்போனும் (எல்லா ஏரியாக்களையும் இணைக்கும் மைய ஏரியா) கெட்டது.

கிளை கிளையாகப் போன் போட்டு, கன்சோல் கேபிள் செருக ஆள் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஹப்பிலிருந்து லிங்க்கின் மறுமுனை ஐபிக்கு நேராக எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) போகலாமே என்று எங்கள் சக ஊழியர்தான் சொன்னார். நேரடியாக இணைந்த முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப் தேவையில்லை. அந்த வழியில்தான் மீண்டோம்.

அப்புறமும் கிளைகளில் இன்டர்நெட் வரவில்லை. என்எஸ்எஸ்ஏ-வுக்குள் டைப் 5 எல்எஸ்ஏ (வெளி ரூட்களைச் சுமந்து வரும் ஓஎஸ்பிஎஃப் தகவல்) நுழையாது. டைப் 5-ஆக வந்துகொண்டிருந்த எங்கள் டீஃபால்ட் ரூட்டும் (வேறு ரூட் இல்லாத எல்லா முகவரிக்கும், இன்டர்நெட்டுக்கும் போகும் வழி) அத்தோடு நின்றது. சாதாரண என்எஸ்எஸ்ஏ-வில் சிஸ்கோ ஹப் அதைத் தானாகக் கொடுக்காது, தனியாகச் சொல்ல வேண்டும். இதை ‘ஸ்கோப்பில் இல்லாத வேலை’ என்றார்கள்.

முதலில் லீஸ்டு லைன்காரர்கள் மேல் பழி போட்டார்கள். வேலைக்கு வந்த நிறுவனம் கன்ஃபிக் மாற்றியதும் நெய்பர்கள் விழுந்ததும் அடுத்தடுத்த வரிகளாக சிஸ்லாகில் (ரவுட்டர்களின் நிகழ்வுப் பதிவு) இருந்ததைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. சில நாளில் ‘அவசர மீட்புப் பணி’ என்று தனியாக ஒரு பில் வந்தது. அவர்களே உடைத்ததைச் சரி செய்ததற்கு நம்மிடமே காசு! எழுத்தில் மறுத்ததும் அந்த பில்லை விட்டுவிட்டார்கள். கொடுத்த முன்பணம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

சிஸ்லாக் சர்வர் ஒன்று உங்களிடம் ஓடுகிறதா, நேரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமலிருந்தால் எங்களால் எதையும் நிரூபித்திருக்க முடியாது. ஒவ்வொரு ரவுட்டரின் பழைய ஐடி, புதிய ஐடி அட்டவணையையும் மாற்றத்துக்கு முந்தைய நெய்பர் பட்டியலையும் வேலைக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். விர்ச்சுவல் லிங்க் (பேக்போனை நேராகத் தொடாத ஏரியாவை வேறொரு ஏரியா வழியாக அதனுடன் இணைப்பது) இருந்தால் அது ரவுட்டர் ஐடியை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கும், ஐடி மாறினால் அறுந்துவிடும். அதை அவர்களாகச் சொல்கிறார்களா பாருங்கள். சிஸ்கோவில் சேவ் செய்யும் முன் ‘ரீலோடு இன்’, ஜூனிபரில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ (நாம் தலையிடாவிட்டால் குறித்த நேரத்தில் பழைய கன்ஃபிக்குக்கே திருப்பிவிடும் கட்டளைகள்) போடுவோம் என்று வேலை ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை நேரம், வருபவரின் பெயர், தங்கள் தவறைச் சரி செய்ய தனிக் கட்டணம் இல்லை என்ற வரி ஆகியவையும் அதில் இருக்கட்டும். ஹப்பை முதலில் மாற்றுவீர்களா, கிளையையா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.