பாட்டில் லெமன் கர்ட்: வாங்கலாமா, வீட்டிலேயே காய்ச்சலாமா?

லெமன் கர்ட் என்பது தயிர் அல்ல; எலுமிச்சைச் சாறு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் கெட்டியான இனிப்புப் பூச்சு. கடையில் அதன் பாட்டிலை எடுத்ததும் பின்பக்கம் திருப்பி, சேர்மானங்களைப் படியுங்கள். சர்க்கரை, முட்டை, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு நான்கும் முன்வரிசையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். முட்டையும் வெண்ணெயும் கடைசிக்குப் போய் சோள மாவு, பாமாயில், பெக்டின் (ஜாமை இறுக்கச் சேர்க்கும் பழச்சத்து) முந்திக்கொண்டால், அதைக் கெட்டியாக்கியது பெரும்பாலும் மாவும் பெக்டினும்தான். அந்த வகை கரண்டியில் ஜெல்லி மாதிரி துண்டாக வரும். வாயில் கரையாது, வெண்ணெய் மணமும் இருக்காது. ரொட்டிக்கு அது போதும். கேக் அடுக்குக்கு நடுவில் வைத்தால் வழியாமல் நிற்கும், அந்த ஒரு வசதி உண்டு. டார்ட்டை (கிண்ணம் போல் சுட்ட மாவு ஓட்டில் இனிப்பு நிரப்பியது) நிரப்ப மட்டும் அதை வாங்காதீர்கள்.

ருசிதான் முக்கியம் என்றால் வீட்டில் காய்ச்சுவதே மேல். 100 மி.லி. சாறு, 150 கிராம் சர்க்கரை, 2 முழு முட்டை, 2 மஞ்சள் கரு, 80 கிராம் வெண்ணெய், 2 பழத்தின் தோல் துருவல். தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவுங்கள், வெள்ளை கசக்கும். துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்கினால் வாசனை எண்ணெய் நன்றாக இறங்கும். முட்டையில் சர்க்கரையைக் கொட்டியதும் அடித்துவிட வேண்டும். அப்படியே விட்டால் மஞ்சள் கரு கட்டி தட்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பட்டு உலோக வாடை வரும்.

வெண்ணெய் தவிர மற்றதை ஒரு கிண்ணத்தில் கலந்து, மெல்லக் கொதிக்கும் நீரின் மேல் வையுங்கள். நீர் கிண்ணத்தின் அடியைத் தொடக்கூடாது. ஓரம், அடி விடாமல் கிளறினால் பத்து நிமிடத்தில் 77 முதல் 80 டிகிரி செல்சியஸுக்கு வரும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் உடனே இறக்கிவிடலாம். வடிகட்டி, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்குங்கள்.

பலர் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். சூட்டில் நீர்த்துத் தெரிகிறதே என்று மறுபடி அடுப்பில் வைப்பார்கள். முட்டை வெந்து துகள் துகளாகத் திரிந்துவிடும். ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம் இருந்தால் வெண்ணெய் இறுகித் தானாகக் கெட்டிப்படும். லேசாகத் திரிந்ததை வடிகட்டியில் தேய்த்துக் காப்பாற்றலாம். முழுக்கத் திரிந்தால் முட்டை வாடை போகாது.

ஆடை படியாமல் இருக்க, மேற்பரப்பை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். இதே அளவில் ஆரஞ்சு கர்ட் செய்தால் சப்பென்று திகட்டும். சாற்றில் மூன்றில் ஒரு பங்காவது எலுமிச்சை சேருங்கள், சர்க்கரையையும் 120 கிராமாகக் குறையுங்கள்.