பன்னிரண்டு மணி நேர டூட்டி: மேலே உழைக்கும் நேரத்துக்கு என்ன விலை கிடைக்கிறது?

சேலத்தில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் சொல்வது மாதச் சம்பளத்தைத்தான். எத்தனை மணி நேரம், வார லீவு உண்டா, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். அதனால் 15 ஆயிரம் சம்பளத்தையும் 16 ஆயிரம் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஆயிரம் ரூபாய் அதிகம் தருவதே நல்லதாகத் தெரியும். அங்கேதான் கணக்கு இடறுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். தொகையை மட்டும் உங்களுக்கு வந்திருக்கும் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. எட்டு மணி நேர ஷிப்ட், மாதம் 26 நாள், சம்பளம் 15,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,800, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், அதாவது 113. இரண்டும் போகக் கைக்கு வருவது 13,087. இன்னொரு பக்கம் செக்யூரிட்டி ஏஜென்சி. 12 மணி நேர டூட்டி, 30 நாளும் போக வேண்டும், பிடித்தம் இல்லாமல் 16,000.

முதல் வேலைக்கு மாதம் 208 மணி நேரம், இரண்டாவதற்கு 360. கையில் வரும் பணத்தில் வித்தியாசம் 2,913 ரூபாய், நேரத்தில் வித்தியாசம் 152 மணி. வகுத்தால் மேலே உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 19 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரத்தின் விலை 72 ரூபாய். இதோடும் முடியவில்லை. கம்பெனியில் வேலை செய்பவருக்கு பி.எஃப். கணக்கில் அவர் பங்கு 1,800-ம் முதலாளி பங்கில் 550-ம் சேர்ந்து மாதம் 2,350 சேர்கிறது. முதலாளி கட்டும் மீதி 1,250 பென்ஷனுக்குப் போகிறது. அந்த 2,350-ஐயும் சம்பாத்தியமாக எண்ணினால் இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் 563 ரூபாய்தான். 152 மணி நேரத்துக்கு 563 ரூபாய், அதாவது மணிக்கு நாலு ரூபாய்கூட இல்லை. 12 மணி நேரம் வெளியே நிற்பவருக்கு இரண்டு டீயும் ஒருவேளை ஹோட்டல் சாப்பாடும் கூடுதல் செலவு. அதையும் கழித்தால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

சட்டம் சொல்வது வேறு. சாதாரண வேலை நேரத்துக்கு மேல் செய்யும் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலும் அப்படித்தான், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அப்படித்தான். மேலே சொன்ன 15,000 சம்பளக்காரர் எட்டு மணிக்குப் பிறகு நான்கு மணி நேரம் நின்றால் அன்றைக்கு இரண்டு நாள் கூலி சேர வேண்டும். 26 நாளும் அப்படி நின்றால் மாதம் 30,000. நடப்பில் கிடைப்பது திருப்பூர் பாணியில் 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை நாள் கூலி. கூடுதல் நேரத்துக்கு வெறும் ஒற்றை விலை. அதற்கே 'பரவாயில்லை' என்று போகிறவர்கள் அதிகம், ஏனென்றால் செக்யூரிட்டி டூட்டியில் அதுவும் இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் என்றார்கள். தறிக்கூடத்திலும் செக்யூரிட்டி நிற்கும் கேட் வாசலிலும் 72-ம் 84-ம் எந்தத் திருத்தமும் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிடித்தம் இல்லாத சம்பளம் என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால் முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு பருவத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், அதற்கான அடுத்த பலன் பருவத்தில் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் நிபந்தனையே கிடையாது. சேர்ந்த முதல் நாள் விரல் நசுங்கினாலும், குணமாகும் வரை 90 சதவீதம். குடும்பத்துக்கும் வைத்தியம். செக்யூரிட்டிக்காரர் டெங்குவில் 15 நாள் படுத்தால் 8,000 ரூபாய் போச்சு. மூன்று மாதம் கூடுதலாக நின்று சம்பாதித்தது அந்த ஒரு காய்ச்சலில் கரைந்துவிடும், ஆஸ்பத்திரிச் செலவு தனி.

உண்மையில் அவருக்கும் இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. சம்பளம் 21,000-க்குள் இருந்து, ஏஜென்சியில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் கட்டியே ஆக வேண்டும். அடிக்கடி நடக்கும் கோளாறு, எட்டு மணி நேரச் சம்பளத்தை மட்டும் ஏட்டில் காட்டுவது, அல்லது பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. சேர்ந்த இரண்டாம் மாதமே பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பரைக் கேட்டு வாங்கி, அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் அன்றைக்கே கேட்க வேண்டும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் ஏஜென்சியின் பேரே மாறியிருக்கும்.

ஐந்து ரோடு, கடைவீதிப் பக்கத்து ஜவுளிக்கடை வேலையிலும் இதே கணக்குதான், காலில் வீக்கம் மட்டும் கூடுதல். விற்பனையாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. இருக்கை போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் உட்கார விடுகிறார்களா என்று சேரும் முன் கடைக்குள் ஒரு நடை நடந்தாலே தெரிந்துவிடும். பெண்களுக்கு இன்னொன்று. டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதெல்லாம் மாலை ஆறு மணிக்குச் சரி. இரவு ஒன்பதரைக்குக் கடை பூட்டிய பிறகு பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவில் போனால் அந்த மிச்சமும் போயிற்று.

விசைத்தறி வேறு மாதிரி. அங்கே நேரத்துக்குக் கூலி இல்லை, மீட்டருக்கோ சேலைக்கோதான். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், எடப்பாடிப் பக்கம் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று 12 மணி நேரமாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். 'எவ்வளவு ஓட்டினாலும் நம்ம காசு' என்று சொல்வார்கள். பாதிதான் சரி.

நிமிடத்துக்கு 120 ஊடை (குறுக்கு இழை) போடும் சாதாரணத் தறியில், அங்குலத்துக்கு 48 ஊடை உள்ள துணி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்காமல் ஓடினால் மணிக்கு 3.8 மீட்டர். எந்தத் தறியும் நிற்காமல் ஓடாது. இழை அறும், தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) தீரும், கரண்ட் போகும். முதல் எட்டு மணி நேரத்தில் 80 சதவீதம் ஓட்டம் கிடைத்தால் 24 மீட்டர் சொச்சம். கடைசி நான்கு மணி நேரத்தில் அது 60 சதவீதத்துக்கு இறங்கினால், 12 மீட்டர் வர வேண்டிய இடத்தில் 9 மீட்டர். காரணம் தறி இல்லை, ஆள். நூலின் பருமனைப் பொறுத்து ஒரு தார் ஐந்து நிமிடம் ஓடும் என்றால், ஆறு தறி பார்ப்பவர் 50 விநாடிக்கு ஒரு தார் மாற்ற வேண்டும். ஒரு தறியில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும் நேரத்தில் இன்னொன்றில் தார் தீர்ந்து நிற்கும். பத்தாவது மணி நேரத்தில் கண் இழையைப் பிடிக்காது. அறுந்தது தெரியாமல் ஒரு முழம் ஓடிவிட்டால் துணியில் பழுது, கூலியில் பிடித்தம். ஆக, பீஸ் கணக்கிலும் கடைசி மணி நேரங்களின் விலை தானாகவே இறங்குகிறது. தார் மாற்ற வேண்டாத நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) இல்லாத் தறியில் இந்த அலைச்சல் குறைவு, ஆனால் அங்கே தலைக்குத் தறி எண்ணிக்கையைக் கூட்டிவிடுவார்கள்.

பாவு (நெடுக்கு நூல்) தீர்ந்தால் புதுப் பாவு பிணைக்கிற வரை தறி நிற்கும். அந்த நேரத்துக்குப் பல இடங்களில் கூலி கிடையாது. சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி மீட்டர் கூலி அல்ல. பாவு பிணைக்கும் நேரத்துக்கும் கரண்ட் இல்லாத நேரத்துக்கும் என்ன தருவீர்கள் என்பதுதான்.

வெள்ளிக் கொலுசு வேலையைச் சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டிலேயே செய்கிறார்கள். பஸ் செலவு இல்லை, நேரமும் நம் கையில். மற்ற எதையும்விட இதில் சுதந்திரம் அதிகம். ஆனால் கணக்கு எழுதும்போது ஒரு தப்பு நடக்கிறது. கணவர் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார், மனைவி வளையம் கோக்கிறார், மாமியார் சலங்கை மாட்டுகிறார். கிலோ கூலி மட்டும் ஒருவர் பேரில் வருகிறது. வாரக் கூலியை மூவருடைய மணி நேரத்தாலும் வகுத்தால்தான் உண்மை விலை தெரியும், அது செக்யூரிட்டி விலைக்கே இறங்கிவிடுவதும் உண்டு. எடை போட்டு வாங்கி எடை போட்டுக் கொடுக்கும் தொழில் இது. வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிய பிறகு, ஒத்துக்கொண்ட சேதாரத்துக்கு மேல் ஒரு கிராம் குறைந்தாலும் நூறு ரூபாய்க்கு மேல் கூலியில் கழியும். தரைத் தூசியைக் கூட்டி எடுத்து வைப்பவர்கள் கஞ்சர்கள் அல்ல. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு பற்றவைத்தால் அந்தக் கிராம் எங்கே போனது என்றே தெரியாது. புகை வெளியேற ஜன்னல் இல்லாத அறையில் இந்த வேலையை எந்தக் கூலிக்கும் எடுக்கக்கூடாது.

ஏற்காடு காபித் தோட்ட வேலையில் நாள் கூலி குறைவு, நேரமும் குறைவு. மாலையில் காட்டெருமை நடமாடும் பாதையில் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிலோ கணக்கில் கொஞ்சம் மேலே பார்க்கலாம், பச்சைக் காய் கலந்தால் கழிப்பார்கள். வீடும் வைத்தியமும் பெரிய எஸ்டேட்டில்தான், சின்னத் தோட்டத்தில் கிடையாது. மலையிலேயே வீடு இருப்பவருக்கு இது லாபம், கீழிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவருக்கு இல்லை.

அப்படியானால் 12 மணி நேரம் எப்போதுமே வீணா? ஒரு கடனை அடைக்க, தேதி குறித்துக்கொண்டு செய்தால் பொருள் உண்டு. அதற்கும் கணக்கு வேண்டும். 50,000 ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. மேலே சொன்ன 2,913 ரூபாயை அப்படியே கட்டிவந்தால் தீர இரண்டு வருடத்துக்கு மேலாகும், ஏனென்றால் முதல் மாதம் 1,500 வட்டிக்கே போய்விடுகிறது. அதே கடனை நூற்றுக்கு ஒன்று வட்டியில் நகைக்கடனாக மாற்றிவிட்டால் 19 மாதம். வட்டியை மாற்றுவது ஒரு நாள் அலைச்சல், மிச்சமாவது ஐந்து மாதத்துக்கு மேலான இரட்டை உழைப்பு.

தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி அந்தக் கடனை அடைப்பதும் உண்டு. வட்டி இல்லை என்பதால் மலிவாகத் தெரியும். ஆனால் பணம் தீரும் வரை அவர் சொல்லும் கூலிக்கே ஓட்ட வேண்டிவரும், பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குப் பத்துப் பைசா அதிகம் கொடுத்தாலும் போக முடியாது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம், கோட்டாட்சியரிடம் புகார் தரலாம். அவ்வளவு தூரம் போகாமலிருக்க, வாங்கும் அன்றே தொகை, தேதி, வாரப் பிடித்தம் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமைக் கூலியின்போதும் மீதித் தொகையை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.