ஜேபிஎல் எல்-100 ஸ்பீக்கருக்கான கிராஸ்ஓவர் புதுப்பிப்புக் கிட்: ஒரு மதிப்பீடு

ஜேபிஎல் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட எல்-100 செஞ்சுரி, அதே நிறுவனத்தின் 4310 ஸ்டுடியோ மானிட்டரின் (ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான ஸ்பீக்கரின்) வீட்டு வடிவம். தாழ்ந்த ஒலிக்குப் பன்னிரண்டு அங்குல வெள்ளைக் கூம்பு வூஃபர், நடுத்தர ஒலிக்கு ஐந்து அங்குல மிட்ரேஞ்ச், உச்ச ஒலிக்குச் சிறிய கூம்பு ட்வீட்டர் என்று ஒலியெழுப்பும் மூன்று டிரைவர்கள் இருந்தும், அவற்றுக்கு அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் சுற்றான கிராஸ்ஓவரில் காயில் ஒன்றுகூடக் கிடையாது. வூஃபருக்கு வடிகட்டியே இல்லை. அது தன் இயல்பாலேயே மேல் அதிர்வெண்களில் சரிந்துவிடும் என்று நம்பி விட்டுவிட்டார்கள். மற்ற இரண்டு டிரைவர்களுக்கும் 8 மைக்ரோஃபாரட், 3 மைக்ரோஃபாரட் எனக் கீழ் அதிர்வெண்களைத் தடுக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களும், முன்பக்கக் குமிழ்களால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு எல்-பேடுகளும் மட்டுமே உண்டு. இவ்வளவு எளிய சுற்றுக்கு எதற்கு ஒரு புதுப்பிப்புக் கிட் என்ற சந்தேகத்தோடுதான் அஞ்சல்வழி விற்பனையாளர் ஒருவரிடம் அதை வாங்கினேன். சந்தேகம் பாதி சரியாக இருந்தது.

கிட்டில் நான்கு பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர்கள், நான்கு எல்-பேடுகள், பெரியவற்றோடு இணையாகச் சேர்ப்பதற்காக 0.01 மைக்ரோஃபாரட் அளவில் நான்கு சிறிய பைபாஸ் கெப்பாசிட்டர்கள், சால்டர் கம்பி, ஒரு பக்கச் செய்முறைத் தாள் ஆகியவை இருந்தன. விலையில் பாதிக்கும் மேல் கெப்பாசிட்டர்களுக்கே போகிறது, விளம்பரமும் அவற்றைப் பற்றித்தான் பேசுகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் பழையவற்றை அளந்து பார்த்தேன். பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் இருக்கும் பைபோலார் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் மதிப்பு மாறி, உள்மின்தடையும் கூடி, டிரைவர்கள் பிரியும் இடத்தையே நகர்த்திவிடும். 8 ஓம் சுமைக்கு முன்னால் 3 மைக்ரோஃபாரட் இருந்தால் பிரிப்பு அதிர்வெண் ஏறக்குறைய 6,600 ஹெர்ட்ஸ், அதுவே 3.6 ஆக ஏறிவிட்டால் 5,500-க்கு இறங்கி, ட்வீட்டர் தனக்கு ஆகாத பகுதியையும் சுமக்க நேரிடும். என் பெட்டிகளில், கெப்பாசிட்டர் மதிப்பை அளக்கும் எல்சிஆர் மீட்டர் காட்டியதோ 8.4, 8.2, 3.1, 3.1 மைக்ரோஃபாரட். ஐம்பது ஆண்டு வயதுக்கு இதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் வலப் பெட்டியில் மட்டும் புதிய கெப்பாசிட்டர்களை வைத்து, இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே மோனோ ஒலியைக் கொடுத்து, நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவை மாற்றி மாற்றிக் கேட்டேன். எது புதியது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை; என் காதில் குறை என்று சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

பைபாஸ் கெப்பாசிட்டர்களை நான் பொருத்தவே இல்லை. 3 மைக்ரோஃபாரடோடு 0.01-ஐ இணைத்தால் கூடுவது மூன்றில் ஒரு விழுக்காடு. கிட்டில் வந்த பெரிய கெப்பாசிட்டரின் மேலேயே ஐந்து விழுக்காடு ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. 400 வோல்ட் தாங்கும் என்ற பெருமையும் அப்படித்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் போகும்போது முனைகளில் இருப்பது 20 வோல்ட், ஆகவே 100 வோல்ட் வகையே தாராளம். அதிக வோல்ட்டால் கிடைத்த ஒரே பலன் பருமன்தான்: பழையது இருந்த இடத்தில் புதியது அடங்காததால், தனிப் பலகைத் துண்டில் கேபிள் டை போட்டு இறுக்கி உள்ளே திருகினேன். வூஃபர் அதிரும் பெட்டிக்குள் இவ்வளவு கனமான பொருளை சால்டர் இணைப்பு மட்டும் தாங்காது என்பதைச் செய்முறைத் தாள் சொல்லியிருக்க வேண்டும்.

எல்-பேடுகளின் கதை வேறு. தொடராக ஒரு மின்தடை, இணையாக ஒரு மின்தடை என இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து திரும்புவதால், ஒலி குறைந்தாலும் கெப்பாசிட்டர் காணும் சுமை மாறாமல் இருக்கும். இவற்றின் தொடுமுனையில் ஆக்சைடு படிவதுதான் எல்-100-இன் பெயர்பெற்ற நோய். என் இடப் பெட்டியில் குமிழ் நடுவில் நின்றால் ட்வீட்டர் ஊமையாகிவிடும், சற்றுத் திருப்பினால் கரகரத்துவிட்டு உயிர்பெறும். காண்டாக்ட் கிளீனர் தெளித்து ஐம்பது அறுபது முறை திருப்பியதில் நான்கில் இரண்டு முழுமையாகத் தேறின. மூன்றாவதில் மல்டிமீட்டர் முள் இன்னும் துள்ளியது. நான்காவதில் கம்பிச் சுற்று ஓரிடத்தில் அறுந்தே போயிருந்தது. இடவலம் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக நான்கையும் மாற்றினேன். அன்று மாலை வந்த தெளிவைக் கேட்க எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. பழைய குமிழ்கள் புதிய தண்டில் சற்றுத் தளர்ந்தன என்பதால் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு போட வேண்டியிருந்தது.

தாளில் விடுபட்ட இன்னொன்று முக்கியமானது. அக்கால ஜேபிஎல் வழக்கப்படி சிவப்பு முனைக்கு பேட்டரியின் நேர்முனையைக் கொடுத்தால் வூஃபர் கூம்பு வெளியே வராது, உள்ளே போகும். இதை அறியாதவர் யாரோ தப்பாக இணைத்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு பெட்டியில் மட்டும் வயரைத் திருப்பிவிட்டால் பாஸ் (தாழ்ந்த ஒலி) பெருமளவு கரைந்துபோகும். சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடிப் பஞ்சு இருப்பதால் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அளந்து பார்த்து கெப்பாசிட்டர்கள் நல்ல நிலையில் இருந்தால் முழுக் கிட் வேண்டாம், எல்-பேடுகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் ஏற்கெனவே வந்துவிட்டதால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று இடப் பெட்டியிலும் புதியவற்றையே வைத்தேன். பழைய நான்கு கெப்பாசிட்டர்களையும் அளந்த மதிப்பு எழுதிய உறைகளில் போட்டு, அடுத்து இந்த ஸ்பீக்கர்களை வாங்குபவர் கேட்டால் கொடுப்பதற்காக அந்தந்தப் பெட்டியின் உட்சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன்.