கால் எதுவும் சொல்லாதபோது இன்சோல் எப்படி என்று எப்படிச் சொல்வது?

என் பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தகட்டை, போட ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது போட்டிருப்பது மூன்றாவது ஜோடி. "போட்டுக்க சுகமா இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சுகமா இல்லையா என்று சொல்லவேண்டிய கால் மரத்துப்போய்விட்டது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்துப் பரிசோதித்தபோது, படும்போதெல்லாம் "ஆமாம்" சொல்லச் சொன்னார்கள். படாதபோதும் நான் "ஆமாம்" சொல்லிக்கொண்டிருந்தேனாம். அதனால் இதில் எழுதுவதெல்லாம் கண்ணும் கையும் சொன்னவை.

எனக்கு இரண்டு தொல்லை இருந்தது. வலது பெருவிரலின் அடிமூட்டில் காய்ப்பு. சீவிவிட்டால் சில வாரத்தில் திரும்ப வந்துவிடும். ஒருமுறை சீவும்போது அடியில் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது. புண்ணுக்கு முந்தைய கட்டம் அது என்றார் மருத்துவர். இன்னொன்று தள்ளாட்டம். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் சாய்ந்துவிடுவேன். கால் தராத தகவலைக் கண்தான் தந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் ஜோடிக்கு, மிதித்தால் அப்படியே பள்ளம் விழும் நுரைப்பெட்டியில் பாத அச்சு எடுத்தார்கள். கைக்கு வந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தை மாதிரி அமுங்கியது. ஆகா என்று இருந்தது. அதுதான் தப்பு. காய்ப்பு குறைந்தது உண்மை, ஆனால் படி இறங்கும்போது முன்பைவிட அதிகமாகக் கைப்பிடியைத் தேடினேன். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச உணர்வையும் தடிமனான மெத்தை மழுங்கடித்துவிடும். கணுக்காலும் அதன்மேல் ஆடும். இதுபோக, இருந்த பழைய ஷூவிலேயே அதைத் திணித்திருந்தேன். குதிகால் மேலேறி ஷூவிலிருந்து நழுவியது, இரண்டாவது விரலின் மேல்பக்கம் உரசிச் சிவந்தது. இன்சோலுக்கு என்று ஆழம் கூடுதலான ஷூ வேண்டும், அதிலிருக்கும் சொந்த இன்சோலைக் கழற்றிவிட்டுத்தான் இதை வைக்கவேண்டும் என்பதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது ஜோடியில் அடித்தளம் கெட்டி, மேலே மட்டும் மெல்லிய மிருதுவான அடுக்கு. குதிகால் உட்கார ஆழமான கிண்ணம், காய்ப்பு வரும் இடத்துக்கு நேர்கீழே ஒரு சிறு குழிவு. பாதவளைவு முழுக்கத் தாங்கியதால் எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவியது. இந்த முறை ஷூவுக்குள் சென்சார் தகட்டை வைத்து நடக்கவிட்டு அளந்தார்கள். பிரச்சினையான இடத்தில் அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குள் வரவேண்டும், இல்லையென்றால் முன்பிருந்ததில் 30 சதவீதமாவது குறையவேண்டும் என்பது கணக்கு. திரையில் சிவப்பாக இருந்த புள்ளி மஞ்சளானதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அளக்காமல் "நல்லா பொருந்தியிருக்கு" என்று கையில் கொடுத்தால் இனி வாங்கமாட்டேன்.

பழகுவதற்கு முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும். கழற்றியதும் கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பார்ப்பேன். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த நாளே திருத்தக் கொடுத்துவிடுவேன். இரண்டு முறை அப்படித் தேய்த்துச் சரிசெய்தார்கள்.

நடையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஜோடி வந்தபின் தள்ளாட்டம் குறைந்தது. ஆனால் அதே மாதங்களில்தான் சுவர் ஓரமாக நின்று குதிகாலை உயர்த்தும் பயிற்சியும் ஒற்றைக்கால் பயிற்சியும் செய்துவந்தேன். அகலமான அடியுள்ள ஷூவுக்கும் மாறியிருந்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சமநிலை விஷயத்தில் ஆய்வு முடிவுகளும் ஒரே பக்கமாக இல்லை. காய்ப்புக்கு இன்சோல், தள்ளாட்டத்துக்குப் பயிற்சி என்றுதான் நான் மனதில் பிரித்து வைத்திருக்கிறேன். முகம் கழுவும்போது இப்போதும் ஒரு கை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. வேர்க்கும், கனம், ஒரு ஷூவுக்குச் செய்தது இன்னொன்றில் உட்காராது. சூடு பட்டால் நுரை உருமாறும் என்பதால் நனைந்தால் நிழலில்தான் காயவைக்கவேண்டும். பெரிய குறை, அமுங்கிப்போவது. எட்டாவது மாதமே காய்ப்பு மெல்லத் தலைகாட்டியது. பெருவிரல் இடத்தை விரலால் கிள்ளிப் பார்த்தால் காகிதம் மாதிரி இருந்தது. உணர்ச்சியுள்ளவருக்கு வலி சொல்லிவிடும். எனக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது புது ஜோடியின் அடியில் பேனாவால் தேதி எழுதிவிடுகிறேன்.

அப்புறம், வீட்டுக்குள். வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொண்டு வீட்டில் வெறுங்காலோடு திரிந்தேன். எண்ணிப் பார்த்தால் பாதி நடை வீட்டுக்குள்தான். மூன்றாவது ஜோடியோடு, பின்பட்டி வைத்த வீட்டுச் செருப்பு ஒன்றுக்கும் அதே அச்சில் செய்துகொண்டேன்.

போன வாரம் சாயங்காலம் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. காலையிலிருந்து உள்ளேயே இருந்திருக்கிறது. இன்சோலில் அதன் வட்டமும் நடுவில் நான்கு துளையும் அச்சாகப் பதிந்திருந்தன. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே வட்டம் அங்கேயும் இருந்தது, நல்லவேளையாகத் தோல் கிழியவில்லை. அன்றிலிருந்து போடுவதற்கு முன்பும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறேன்.