கேம் ஆஃப் த்ரோன்ஸ் 4கே டிஸ்க்: அந்த இருட்டு எபிசோட் இப்போது தெரிகிறது

2019இல் இந்த ஃபேன்டஸி டிவி தொடரின் எட்டாம் சீசனின் மூன்றாவது எபிசோட் கும்மிருட்டாக இருந்ததாக ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்ட்ரீமிங்கில் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பப்படும் தரவின் அளவு) குறைந்தால் இருண்ட காட்சிகள் பட்டை பட்டையாக உடையும். 4கே அல்ட்ரா எச்டி ப்ளூரே டிஸ்க்கில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. டோத்ராக்கி குதிரைவீரர்களின் எரியும் வாள்கள் தொலைவில் ஒவ்வொன்றாக அணைவதைப் பாருங்கள். கடைசிப் பொறிவரை தெரிகிறது, நெஞ்சு பதறுகிறது!

டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் வசதி) நிறுத்தி, பிக்சர் மோடை சினிமாவுக்கு மாற்றி, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டும் விவிட் மோடு வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூரே பிளேயரில் இந்த டிஸ்க் ஓடாது, கவனம்.

கதையைப் பொறுத்தவரை, தொடருக்கு மூலமான நாவல் வரிசையின் மூன்றாம் நாவலை இரண்டு சீசன்களுக்கு விரித்ததுதான் தொடரின் உச்சம். கடைசி சீசனை ஆறே எபிசோடில் முடித்தது இன்றும் வலிக்கிறது.