கலிபோர்னியாவின் தபால் ஓட்டு: அம்மாவோடு இரண்டு தேர்தலில் பயன்படுத்திய பிறகு

5க்கு 4 நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது கையெழுத்து விஷயத்துக்காக. வீட்டில் வயதான அப்பா அம்மா இருக்கிறவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

அம்மா பச்சை அட்டை (அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வாங்கி 17 வருடம் கழித்துத்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். 55 வயதைத் தாண்டி, 15 வருடம் பச்சை அட்டையோடு இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது, குடிமைக் கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அம்மா மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழில் பதில் சொல்லித்தான் தேறினார். அவருடைய முதல் ஓட்டு 2024 நவம்பரில்.

கும்பகோணத்தில் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டுப் பழகியவர். இங்கே கேட்காமலே வீட்டுக்கு வாக்குச்சீட்டு வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. 2021இல் கொண்டுவந்த சட்டப்படி, பதிவு செய்து பட்டியலில் நடப்பில் இருக்கும் ஒவ்வொரு வாக்காளருக்கும் மாநிலம் முழுக்க வாக்குச்சீட்டை அனுப்பியே ஆக வேண்டும். தேர்தலுக்கு 29 நாள் முன்பே அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்ட வேண்டாம். டெக்சாஸில் இருக்கும் என் தோழிக்கு இது கிடையாது. அங்கே 65 வயது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் உடல்நலக் குறைவு, வெளியூரில் இருப்பது மாதிரி சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று வேண்டும். அடையாள எண்ணை உறையில் எழுத வேண்டும் என்று அங்கே 2021இல் ஒரு விதி வந்தது, அதற்கு அடுத்த மார்ச் மாத முதன்மைத் தேர்தலில் (கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) 20,000க்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள் தள்ளுபடியாகின. நாடு ஒன்றுதான், மாநிலத்துக்கு மாநிலம் ஓட்டுரிமையின் எடை மாறுகிறது என்பது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

சரி, வாக்குச்சீட்டுக்கு வருகிறேன். 2024இல் மாநில அளவில் மட்டும் 10 ப்ரொபொசிஷன்கள், அதாவது மக்களே நேரடியாக ஆம், இல்லை என்று ஓட்டுப் போடும் சட்ட முன்மொழிவுகள், இருந்தன. அது போக செனட் பதவி ஒரே சீட்டில் இரண்டு முறை வந்தது, ஒன்று ஆறு வருடப் பதவிக்கு, இன்னொன்று பழைய பதவிக்காலத்தில் மிச்சமிருந்த சில வாரங்களுக்கு. "ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை குத்தலாமா?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. வாக்குச்சாவடியில் பின்னால் ஆள் நிற்கும்போது இதையெல்லாம் நிதானமாகக் கேட்க முடியுமா? சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று மாலை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றையும் நான் தமிழில் படித்துச் சொன்னேன், வட்டத்தை நிரப்பும்போது மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். உதவிக்கு யாரை வைத்துக்கொள்வது என்பதை வாக்காளரே முடிவு செய்யலாம், முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது என்று கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டமே சொல்கிறது. ஆனால் வீட்டில் போடும் ஓட்டுக்கு மறைப்பு கிடையாது. அந்த மறைப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். அப்பா சொல்லுகிற இடத்தில் அம்மா புள்ளி வைப்பது ஓட்டு ஆகாது.

மாநிலம் அனுப்பும் வழிகாட்டிப் புத்தகம் இந்தியில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. சான்டா கிளாரா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) தமிழில் மாதிரி வாக்குச்சீட்டு உண்டு, அதில் ஓட்டுப் போட முடியாது, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இருக்கும் கவுண்டியில் அதுவும் இல்லை.

இப்போது கையெழுத்து. அம்மா ஆயுள் முழுக்கத் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். அடையாள அட்டை எடுத்த அன்று மட்டும், மின்திரையில் என்னவோ தோன்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார், வாக்காளர் பதிவுக்கும் அதுவே போய்விட்டது. உறையில் வழக்கம்போலத் தமிழில் போட்டார். நூலகத்து வாசலில் இருந்த வாக்குப் பெட்டியில் அவர் கையாலேயே போடவைத்துப் படமும் எடுத்தோம். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது, கையெழுத்து பொருந்தவில்லையாம். அந்த முக்கியமான கடிதம் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. நான் ஊரில் இல்லாத நேரமாக இருந்திருந்தால் அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துப் போட்டிருப்பார், முதல் ஓட்டு அப்படியே போயிருக்கும். ஒரு நட்சத்திரம் போனது இதனால்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. இங்கே பொருந்தவில்லை என்று ஒருவர் நினைத்தால் மட்டும் ஓட்டைத் தள்ளிவிட முடியாது, மேலும் இரண்டு அலுவலர்கள் சந்தேகத்துக்கு இடமின்றி அதையே சொல்ல வேண்டும், அப்போதும் வாக்காளருக்குத் தெரிவித்து சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். கடிதத்தோடு இருந்த படிவத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார், அனுப்பினோம், ஓட்டு எண்ணப்பட்டதாகச் சில நாளில் குறுஞ்செய்தி வந்தது. 'வேர்ஸ் மை பேலட்' என்ற இலவச வசதியில் பதிந்துகொண்டால் உறை எங்கே இருக்கிறது, ஏற்றார்களா என்பதெல்லாம் போனுக்கே வரும். தவறாமல் பதியுங்கள், பெற்றோர் பதிவில் உங்கள் எண்ணைக் கொடுத்தாலும் சரி.

அப்புறம் ஒன்று, கடைசி நாளில் தபாலை நம்பாதீர்கள். தேர்தல் நாள் முத்திரை இருந்தால் 7 நாள் வரை வந்து சேரலாம் என்பது விதி, ஆனால் நீங்கள் போட்ட அன்றே முத்திரை விழும் என்று நிச்சயமில்லை, தபால் துறையே அதைச் சொல்கிறது. வாக்குப் பெட்டி தேர்தலன்று இரவு 8 மணி வரை திறந்திருக்கும், அதில் போடுங்கள்.

படிவத்தில் போட்ட கையெழுத்தை அடுத்த தேர்தலுக்கும் பதிவில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2025 நவம்பரில் ப்ரொபொசிஷன் 50க்கு ஓட்டுப் போட்டபோது அம்மா உறையில் தமிழில்தான் எழுதினார். இந்த முறை கடிதம் எதுவும் வரவில்லை.